மைதானத்தை விட்டுவிடாதீர்கள்



இன்று பட்டம் பெறுபவர்களுள், இணையப் பாதுகாப்புப் படித்துக்கொண்டே பல்கலைக்கழக அணிக்காக ஓடிய, வலைப்பந்து ஆடிய பெண்களிடம்தான் அதிகம் பேசப்போகிறேன். கற்பிட்டி, உடப்பு, முந்தல் பக்கத்துப் பெண்ணொருத்தி இந்த மேடைக்கு வர எத்தனை பேருக்குப் பதில் சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தெரியும். சாதாரண தரம் முடிந்ததும் “இனி ஓட்டம் எதற்கு?” என்பார்கள். உயர்தரம் முடிந்ததும் “கம்ப்யூட்டர் வேலை என்றால் இரவிலும் போகவேண்டுமே” என்பார்கள்.

போகத்தான் வேண்டும். 2016 பெப்ரவரி 4, வியாழன் இரவு, பங்களாதேஷ் மத்திய வங்கி நியூயோர்க்கில் வைத்திருந்த பணத்தை அனுப்பச் சொல்லித் திருடர்கள் போலிக் கட்டளைகளை அனுப்பினார்கள். மறுநாள் வெள்ளி, பங்களாதேஷில் வார விடுமுறை. செய்திகளை அச்சிடும் பிரிண்டர் நின்றுபோயிருந்தது. வழக்கமான கோளாறுதானே என்று விட்டுவிட்டார்கள். 8.1 கோடி டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. இலங்கைக்கு அனுப்பப்பட்ட 2 கோடி டொலர் தப்பியது. பணம் பெறவிருந்த அமைப்பின் பெயரில் ‘பவுண்டேஷன்’ என்ற சொல் பிழையாக இருந்ததை வங்கிக்காரர்கள் கவனித்துக் கேள்வி எழுப்பியதுதான் காரணம்.

ஆள் இல்லாத நேரம், களைத்த நேரம் பார்த்துத்தான் திருடன் வருவான். 800 மீற்றர் ஓடியவளுக்குக் களைப்பு புதிதல்ல. கடைசி வளைவில் கால் கனக்கும்போதும் பக்கத்தில் ஓடுபவளைக் கவனிக்கப் பழகியவள் அவள். மைதானத்தில் போன நேரம் படிப்புக்கு நட்டம் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால், அதை நான் ஒப்புக்கொள்ளவில்லை.

ஆனால் வங்கியைவிட என்னை அதிகம் வருத்துவது வேறொன்று. பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் எடுத்த ஒரு படம், தூரம் பாயும் பிள்ளையின் படம், வட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது. அங்கிருந்து யாரோ எடுத்து, முகத்தை வெட்டி, வேறு உடம்பில் ஒட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளை பயிற்சிக்கு வருவதில்லை. தப்புச் செய்தவன் வெளியே திரிகிறான், ஓடியவள் வீட்டுக்குள் இருக்கிறாள். படமே எடுக்காதே என்பது இதற்குத் தீர்வாகுமா? படம் வராமல் இருந்திருந்தால், 2018இல் ஆசிய வலைப்பந்துக் கிண்ணம் வென்ற நம் இலங்கை அணியின் தர்ஜினி சிவலிங்கத்தை இந்தக் கரையோரச் சிறுமிகள் எப்படி அறிந்திருப்பார்கள்?

படம் இப்படி வெட்டி ஒட்டப்பட்ட ஒரு தங்கச்சி உங்களைத் தேடி வருவாள். பயத்தில் எல்லாவற்றையும் அழித்துவிடப் பார்ப்பாள். அழிக்க விடாதீர்கள். பதிவின் இணைப்பு, கணக்கின் முகவரி, திகதி, நேரம் எல்லாம் தெரிய ஸ்கிரீன்சொட் எடுத்து வையுங்கள். ‘ஹிதவதி’ போன்ற உதவிச் சேவையிடம் தமிழிலேயே பேசலாம் என்று சொல்லுங்கள். “ஏன் படம் எடுக்க விட்டாய்?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள், அதை வீட்டில் ஏற்கெனவே கேட்டிருப்பார்கள்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த இல்ல விளையாட்டுப் போட்டிக்கு முன் உங்கள் பழைய பாடசாலைக்குப் போங்கள். படங்களை யார் எடுக்கிறார்கள், எந்தக் குழுவில் போடுகிறார்கள், பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் சேர்த்துப் போடுகிறார்களா என்று விளையாட்டு ரீச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் தொலைபேசி இலக்கத்தை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.