வெள்ளத்தில் முழுகினாலும் சாகாத நெல்

(வானொலி வேளாண் நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரை)



போன மாதம் ஒரு கிராமத்தில் பயிற்சிக் கூட்டம் முடிந்து புறப்படும் நேரத்தில் ஒரு பெரியவர் என்னைத் தனியாக அழைத்தார். அவருடைய மகள் விவசாயப் பட்டப்படிப்பு முடித்துவிட்டு, மேல்படிப்பில் டி.என்.ஏ. ஆராய்ச்சி செய்கிறாள். "நெல் இலையைக் கிள்ளி, அரைச்சு, அதிலேர்ந்து நூல் மாதிரி எதையோ எடுக்கிறாளாம் சார். இதுக்கு ரெண்டு வருசமா? இதனால நம்ம வயலுக்கு என்ன வரப்போகுது? படிப்பை நிறுத்திட்டுக் கல்யாணத்தை முடிச்சிடலாமான்னு பார்க்கிறேன்" என்றார். அவருக்கு நான் சொன்ன பதிலைத்தான் இன்று உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சம்பாப் பயிர் முழுகிப்போகிற கஷ்டம் டெல்டாக்காரர்களுக்குத் தெரியாததல்ல. நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தான். ஆனால் நுனி வரை முழுகிவிட்டால் காற்றும் வெளிச்சமும் போதாமல் திணறுகிறது. ஒரு வாரம், பத்து நாள் தாண்டினால் சாதாரண ரகங்கள் அழுகிவிடும்.

அது ஏன் சாகிறது என்று பாருங்கள். வாழைத்தாரைப் பழுக்க வைக்கிறதே எத்திலீன் என்ற வாயு, அது நெற்பயிரிலும் சுரக்கிறது. பயிர் முழுகியதும் அந்த வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தேங்குகிறது. "தண்ணீர் தலைக்கு மேல் போய்விட்டது" என்று பயிருக்கு அதுதான் தாக்கல் சொல்கிறது. உடனே பயிர் தண்ணீருக்கு மேலே தலைநீட்டப் பார்த்து மளமளவென்று நீளுகிறது. தண்டில் சேர்த்து வைத்த மாவுச்சத்தெல்லாம் அதில் செலவாகிவிடும். வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால் நூலாக நீண்டு, நிற்கப் பலமில்லாமல் சாய்ந்து கிடக்கும். புதுக் குருத்து விட அதனிடம் கையிருப்பு இல்லை.

ஒடிசாவிலே தல்புட்டியா என்று ஒரு பழைய நாட்டு நெல் உண்டு. அதிலிருந்து தேர்ந்தெடுத்த எஃப்.ஆர். 13ஏ என்ற ரகம், இரண்டு வாரம் முழுகிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும். குதிரில் கொஞ்சம் நெல் மிஞ்சியிருக்கிற குடும்பம் பஞ்ச காலத்தில் செலவைச் சுருக்கிக்கொண்டு பொறுத்திருக்குமே, அதுபோல அந்தப் பயிர் நீளாமல், சத்தைச் செலவழிக்காமல் அடங்கி இருக்கும். தண்ணீர் வடிந்ததும் மிச்சமுள்ள சத்தைக் கொண்டு துளிர்த்துவிடும்.

குணம் நல்ல குணம்தான், ஆனால் மகசூல் குறைவு. இதை நல்ல ரகங்களோடு ஒட்டுச் சேர்த்துப் பார்த்தார்கள். வெள்ளம் தாங்கும் குணத்தோடு வேண்டாத குணங்களும் ஒட்டிக்கொண்டு வந்தன. எது எந்தக் குணத்துக்குக் காரணம் என்று தெரியாமல் கலந்தால் அப்படித்தானே ஆகும்?

இங்கேதான் டி.என்.ஏ. வருகிறது. நெல்லின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத நூல் போல அது இருக்கிறது. நாலே நாலு எழுத்துகளால் எழுதிய ஒரு நீளமான ஆவணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெல்லில் அது 12 சுருணைகளாக, ஏறத்தாழ 39 கோடி எழுத்துகள் கொண்டது. அதில் ஒரு பத்திக்கு மரபணு என்று பெயர். இன்ன புரதத்தை இப்படிச் செய் என்று பயிருக்கு அது கட்டளை இடுகிறது. வெள்ளம் தாங்கச் சொல்கிற பத்தி எங்கே இருக்கிறது? அதைத் தேடுவதுதான் வேலை.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்து டேவிஸ் பல்கலைக்கழகத்தில், டேவிட் மக்கில் என்ற விஞ்ஞானியிடம் கெனாங் சூ என்ற மாணவர் இந்தத் தேடலை மேல்பட்ட ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். வெள்ளம் தாங்கும் வகையையும் தாங்காத வகையையும் ஒட்டுச் சேர்த்து, வந்த நாற்றுகளை முழுக வைத்து, எது பிழைத்தது, எது செத்தது என்று குறித்துக்கொண்டார். ஒவ்வொன்றின் டி.என்.ஏ.வையும் எடுத்து ஒப்பிட்டார். நாம் சர்வே கல்லை வைத்து நிலத்தின் எல்லை காண்கிற மாதிரி, டி.என்.ஏ.யில் அங்கங்கே உள்ள அடையாளங்களை வைத்து இடத்தைக் குறுக்கிக்கொண்டே போனார். 1996-ஆம் ஆண்டு, அந்தக் குணத்தின் பெரும்பகுதி 9-வது சுருணையில் ஒரே இடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. அதற்கு சப்-1 என்று பெயரிட்டார்கள். அந்த இடத்தில் உள்ள சரியான மரபணுவைப் பிடிக்க இன்னும் பத்து வருடம் ஆயிற்று. பமீலா ரொனால்ட் என்ற பேராசிரியையின் குழுவும் சேர்ந்து 2006-இல் அதை வெளியிட்டது.

அடையாளம் கிடைத்ததும் வேலை சுருங்கிவிட்டது. பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் நம் நாட்டு சுவர்ணா ரகத்தோடு ஒட்டுச் சேர்த்து, வந்த வாரிசுகளை மறுபடி மறுபடி சுவர்ணாவோடேயே சேர்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் நாற்றின் இலையில் ஒரு துண்டு கிள்ளிப் பார்த்தாலே சப்-1 இருக்கிறதா என்று தெரிந்துவிடும். கடைசியில் கிடைத்தது மற்றதிலெல்லாம் சுவர்ணா, வெள்ளத்தைத் தாங்குவதில் மட்டும் எஃப்.ஆர். 13ஏ. சுவர்ணா சப்-1 என்ற அந்த ரகம் 2009-இல் நம் நாட்டில் வெளியானது. இதே முறையில் நம்ம சி.ஆர். 1009 ரகத்திலும் இந்தக் குணத்தைச் சேர்த்திருக்கிறார்கள். சி.ஆர். 1009 சப்-1 என்று கேட்டு வாங்குங்கள். நெல்லும் நெல்லும் கலந்து வந்த ரகம்தான் இது. விதையை நீங்களே எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன். இது எல்லா வெள்ளத்தையும் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். தூர் கட்டும் பருவத்தில் சுமார் இரண்டு வாரம் வரைதான் தாங்கும். பூக்கும் பருவத்தில் முழுகினால் இதுவும் நஷ்டம்தான். இடுப்பளவு தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி நிற்கிற பள்ளக்காட்டுக்கும் இது ஏற்றதல்ல, ஏனென்றால் இது நீளாத பயிர். வடிகாலைத் தூர் வாராமல் விதையை மட்டும் மாற்றினால் போதாது.

வெள்ளம் வடிந்ததும் பயிர் பழுப்பாய்க் கிடக்கிறதே என்று அவசரப்பட்டு உழுதுவிடாதீர்கள். ஒரு வாரம் பொறுங்கள். நடுக்குருத்து பச்சையாக வருகிறதா என்று பாருங்கள். வந்தால், ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். செத்துப்போன இடங்களில், நன்றாகத் தூர் விட்ட குத்துகளைப் பிரித்து நட்டுக்கொள்ளலாம். மழை வரப்போகிறது என்று தெரிந்தால் அந்தச் சமயத்தில் மேலுரம் போடாதீர்கள்.

அந்தப் பெரியவரிடம் இவ்வளவும் சொல்லிவிட்டுக் கடைசியாக ஒன்று சொன்னேன். "ஒடிசா விவசாயிகள் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்த விதையில் இந்தக் குணம் இருந்தது. அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு மாணவர் உட்கார்ந்து இலையைக் கிள்ள வேண்டியிருந்தது. உங்கள் மகள் செய்கிறதும் அந்த வேலைதான். எல்லா ஆராய்ச்சியும் பலன் தரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. ஆனால் பாதியில் நிறுத்தினால் நிச்சயம் பலன் தராது."

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். "கல்யாணத்துக்கு ரெண்டு வருசம் பொறுக்கலாம் சார்" என்றார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பிள்ளை படித்துக்கொண்டிருந்தால், லீவுக்கு வரும்போது வயலுக்கு அழைத்துப் போங்கள். பயிரிலே உங்களுக்கு உள்ள கஷ்டம் என்ன என்று காட்டுங்கள். எதைத் தேட வேண்டும் என்பதை அவர்கள் உங்களிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.