பகடையும் பங்கீடும்



மலையகத் தோட்டங்களில் அருச்சுனன் தபசுக் கூத்து நடைபெறும் இரவுகளில், பாண்டவர் கதை சிறுவர்க்கும் மனப்பாடமாகிவிடுகின்றது. வீமனுக்குத் தோள்வலி, அருச்சுனனுக்கு வில், தருமனுக்கு அறம், நகுலனுக்குக் குதிரை, சகாதேவனுக்குச் சோதிடம் என ஒவ்வொருவருக்கும் ஒரு சிறப்பு உண்டு. ஐவரும் ஒரே அளவினர் அல்லர். ஆயினும், அவருள் ஒருவரை நீக்கினாலும் கதை குறைபட்டுப் போகும். தோழர் கூட்டத்தில் ஆற்றலை எவ்வாறு பங்கிடுவது என்ற இவ்வினாவையே, மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் ஒரு புதிய ஆட்டமும் எழுப்புகின்றது.

அதன் பெயர் ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. அமெரிக்கரான கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய இவ்வாட்டம் 1974ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று, அப்பாத்திரம் செய்வது யாதென வாயாற் சொல்லுவர். செயல் பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கும். கூத்துக்கும் தாயத்துக்கும் பிறந்த பிள்ளை என இதனைக் கூறலாம்.

ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உடல்வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், ஆளுமை என ஆறு ஆற்றல்கள் உண்டு. தொடக்கத்தில், ஒவ்வோர் ஆற்றலுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்டிப் பெறும் எண்ணே அதன் அளவாயிற்று. குறைந்தது 3, கூடியது 18; சராசரி பத்தரை. மூன்று பகடைகள் விழத்தக்க 216 வகைகளுள் ஒன்றே ஒன்றுதான் 18 தரும். பத்தோ பதினொன்றோ வருவதற்கு 54 வகைகள் உள்ளன. ஆகவே, பெரும்பாலோர் நடுத்தரத்தினராகவும், வெகு சிலரே பேராற்றலினராகவும் அமைவர். இயற்கையின் போக்கும் ஏறத்தாழ இதுவேயன்றோ?

பன்வில ஊரில் நான்கு பிள்ளைகள் இவ்வாட்டத்துக்கு அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். நக்கிள்ஸ் மலையில் பெருமழை. ஹுலு கங்கை கரைபுரண்டு ஓடுகின்றது. அக்கரையில் ஒரு கிழவி தவிக்கின்றாள். இதுவே அன்றைய கதை. ஒரு பிள்ளைக்கு ஆறு எண்களும் உயர்ந்து விழுந்தன. மற்றொரு பிள்ளைக்கு ஆறும் தாழ்ந்து விழுந்தன. முதற்பிள்ளையே நீந்துகின்றது, கயிறு கட்டுகின்றது, கிழவியைத் தேற்றுகின்றது. மற்றப் பிள்ளைக்கு வேலையில்லை. அடுத்த கிழமை அப்பிள்ளை வருவதில்லை. பகடை யாரையும் ஏமாற்றவில்லை; எல்லார்க்கும் ஒரே விதியே இருந்தது. எனினும் ஒரு பிள்ளை மேசையை விட்டுப் போய்விட்டது. விதி ஒன்றாயிருத்தல் வேறு, பங்கு ஒப்பாயிருத்தல் வேறு என்பது இங்கே புலனாகும்.

இக்குறையைத் தீர்க்கப் பலவழிகள் வகுக்கப்பட்டன. 1979ஆம் ஆண்டில் வந்த வழிகாட்டி நூல், நான்கு பகடைகளை உருட்டி மிகத் தாழ்ந்ததை நீக்கும் முறையையும் கூறிற்று. இதனால் சராசரி பன்னிரண்டைச் சற்றுத் தாண்டுகின்றது. ஆனால், எல்லாரும் உயர்கின்றனரேயன்றி, ஒருவர்க்கொருவர் உள்ள இடைவெளி பெரிதும் குறைவதில்லை.

மற்றொரு வழி, பகடையை விடுத்துப் புள்ளிகளைப் பங்கிடுவது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, ஒவ்வோர் ஆற்றலும் 8இல் தொடங்கும்; உயர்த்துவதற்கு எல்லார்க்கும் 27 புள்ளிகள் தரப்படும். 13 வரை ஒவ்வொரு படிக்கும் ஒரு புள்ளி. அதன்மேல் 14க்கும் 15க்கும் படிக்கு இரண்டு புள்ளிகள். 15க்கு மேல் வாங்க இயலாது. மூன்று ஆற்றல்களை 15க்கு உயர்த்தினால் 27 புள்ளிகளும் தீர்ந்துவிடும்; எஞ்சிய மூன்றும் 8இலேயே நிற்கும். சிறப்புக்கு விலை கூடுதல் என்பதே இதன் உட்பொருள். ஒன்றில் ஓங்க விரும்புவோர் மற்றொன்றில் தாழ்வை ஏற்கவேண்டும். அத்தாழ்வை நிரப்பத் தோழரை நாடவேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னும் சமநிலை தானே வந்துவிடாது. கதை நடத்துபவர் நாள்தோறும் சண்டையையே வைத்தால், விவேகத்திலும் ஆளுமையிலும் புள்ளியிட்ட பிள்ளை வீணே அமர்ந்திருக்கும். தாளில் எண் ஒத்திருந்தும் பயன் ஒவ்வாது. ஆகவே, ஆற்றைக் கடக்க வலிமையும், கயிறு முடிய லாவகமும், அஞ்சிய கிழவியை இணங்கவைக்க இன்சொல்லும் வேண்டும்படி கதையை அமைப்பது அவர் கடமை. பங்கீட்டின் முதற்பாதி புள்ளியில் உள்ளது; மறுபாதி கதையில் உள்ளது.

பகடையை விரும்புவோர் பக்கமும் நியாயம் உண்டு. எதிர்பாராத குறையொன்றே சில வேளை மறக்கவொண்ணாத பாத்திரத்தைப் படைத்துவிடும். அன்னோர், தேறிய எண்களை ஆட்டக்காரர் அனைவரும் பொதுவாக எடுத்து, விரும்பிய ஆற்றல்களில் இட்டுக்கொள்ளலாம். அப்போது விந்தையும் இருக்கும், ஒப்பும் இருக்கும்.

பள்ளிக்கூடங்களும் பிள்ளைகளை எண்களால் அளக்கின்றன. புள்ளிப் பட்டியலில் தாழ்ந்த பிள்ளைக்கு வகுப்பிலே செய்யத்தக்க வேலையொன்று இருக்கின்றதா என்று கேட்பவர் சிலரே. நான்கு பிள்ளைகளின் மேசையில் அக்கேள்வியைத் தவிர்க்க இயலாது. கேளாதுவிட்டால் ஓர் இருக்கை வெறிதாகும். வகுப்பறையில் இருக்கை வெறிதாவதில்லை. பிள்ளை அங்கேயே அமர்ந்திருக்கும். ஆதலால், அங்கே அக்கேள்வியைப் பெரியோரே நினைந்து கேட்டல் வேண்டும்.