நோய்க்கு முன்னே காப்பு

(பாஞ்சாலங்குறிச்சியில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



1801-இல் தரைமட்டமாக்கப்பட்ட கோட்டையின் நினைவாக 1974-இல் எழுப்பப்பட்ட கோட்டைக்கு அருகே நாம் கூடியிருக்கிறோம். பகை வருமுன் மதில் வேண்டும் என்பதை இவ்வூர் மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பகை வேறு. அது நோயும், நோயோடு சேர்ந்து வரும் கடனுமாகும்.

நம்முடையது மானாவாரிக் கரிசல். உளுந்து, பாசி, கம்பு, சோளம், பருத்தி, மிளகாய் எதுவாயினும் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே விளைகிறது. ஆண்டுக்கு ஒரு வெள்ளாமை. அதில் கைக்கு வரும் பணம் அடுத்த வெள்ளாமை வரை குடும்பத்தைத் தாங்க வேண்டும். அத்தகைய வீட்டில் ஒருவருக்கு நெஞ்சுவலியோ, சிறுநீரகக் கோளாறோ, புற்றுநோயோ வந்துவிட்டால், ஓராண்டு உழைப்பு ஒரே வாரத்தில் கரைந்துவிடுகிறது. முதலில் ஆடு போகிறது. பிறகு நகை அடகுக்குப் போகிறது. கடைசியில் காடே போகிறது.

நம் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் நாமே கண்டதைச் சொல்லுகிறோம். உழவர் ஒருவர் நெஞ்சுவலியால் விழுந்தார். வீட்டார் பதறிக் கையில் அகப்பட்ட வண்டியில் ஏற்றி ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். அது காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனை அன்று. அவர்களிடம் காப்பீட்டு அட்டையும் இல்லை. உயிர் பிழைத்தது, மூன்று ஏக்கர் புஞ்சை பிழைக்கவில்லை. அவ்வூரில் நாம் பலமுறை கூட்டம் நடத்தியிருக்கிறோம். சாலை பேசினோம், குடிநீர் பேசினோம், தெருவிளக்கு பேசினோம். ‘உங்கள் வீட்டில் அட்டை இருக்கிறதா?’ என்று ஒருமுறையும் கேட்டோமில்லை. அந்தக் குறை நம்முடையது. அதனாலேயே இன்று இதனைப் பேசுகிறோம்.

காப்பீடு என்பது புதுமையான தத்துவம் அன்று. ஒரு வீட்டுத் திருமணத்திற்கு ஊரார் அனைவரும் மொய் எழுதுகிறோம். பலர் கொடுக்கும் சிறு தொகை ஒருவரின் பெருஞ்செலவைத் தாங்குகிறது. காப்பீட்டின் உட்பொருளும் அதுவே. நமக்குள்ள திட்டத்தில் பிரீமியத்தையும் அரசே செலுத்துகிறது.

தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கிய இம்முயற்சி, 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக நடைபெற்று வருகிறது. 2018-இல் இந்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய் என்றிருந்த வரம்பு, 2022-இல் 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. சேர்ந்த குடும்பம் ஓராண்டில் 5,00,000 ரூபாய் வரை கையிலிருந்து பணம் கட்டாமலே சிகிச்சை பெறலாம். அரசு மருத்துவமனைகளிலும், திட்டத்தில் சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் இது செல்லும்.

எனினும், இதன் எல்லையையும் அறிதல் வேண்டும். எல்லா மருத்துவமனைகளும் இதில் இல்லை. எல்லாச் சிகிச்சையும் பட்டியலில் இல்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் இவ்வட்டை உதவாது; அவற்றிற்கு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. அங்கு சிகிச்சையும் மருந்தும் இலவசம். இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் தொடக்கத்திலேயே கண்டு மருந்து உண்டால், பெருநோய்கள் பல வாரா. இதற்கென 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீடு தேடி மாத்திரை கொண்டுவருகிறது. அதனை வாங்கிப் பரணில் வைத்துவிடலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு நாம் வைக்கும் வேண்டுகோள் மூன்று. முதலாவது, தத்தம் வார்டில் வீடுதோறும் சென்று அட்டை இல்லாத குடும்பங்களைக் குறித்தல் வேண்டும். தனித்து வாழும் முதியோரையும், பிழைப்புக்காக வெளியூர் சென்று மீள்வோரையும் விட்டுவிடலாகாது. இரண்டாவது, அக்குடும்பங்கள் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருமானச் சான்று பெறவும், குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் பதிவு செய்யவும் துணை நிற்றல் வேண்டும். குடும்ப அட்டையில் பெயர் விடுபட்ட மருமகளையும் குழந்தையையும் முதலில் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, அருகில் எந்தெந்த மருத்துவமனைகளில் எந்தெந்தச் சிகிச்சைக்கு அட்டை செல்லும் என்பதைக் கேட்டறிந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும். நள்ளிரவில் 108 வண்டிக்குக் காத்திருப்பவருக்கு அச்சுவரெழுத்தே வழிகாட்டி. ஆகஸ்டு 15-ஆம் நாள் கிராம சபையில் இக்கணக்கைப் படித்துக் காட்டினால், விடுபட்டோரை அக்டோபர் 2-ஆம் நாள் சபைக்குள் சேர்த்துவிடலாம்.

உழவர் பெருமக்களே! கரிசல் காட்டில் மழை வருமுன்னே புழுதியில் விதைக்கிறோம். மழை பெய்த பின் விதை தேடி ஓடுபவர் பருவத்தைத் தவறவிடுகிறார். நோய் வந்த பின் அட்டை தேடி ஓடுபவரின் நிலையும் அதுவே. ஆகவே இன்று வீடு திரும்பியதும் பெட்டியைத் திறந்து பாருங்கள். அட்டை இருந்தால் வீட்டார் அனைவருக்கும் அது இருக்குமிடத்தைக் காட்டுங்கள். இல்லையேல் நாளைக் காலையே சான்றுக்கு விண்ணப்பியுங்கள். எங்கேனும் தடை நேர்ந்தால் நம் அலுவலகத்திற்கு வாருங்கள். உடன் வந்து முடித்துத் தருவது நம் கடமை.