பனிக்காலையும் பழைய காரும்

பனி என்ற சொல்லுக்குச் சமவெளியில் வாழும் நாம் கொள்ளும் பொருள் ஒன்று; நீலகிரியில் வாழ்வோர் கொள்ளும் பொருள் மற்றொன்று. விருத்தாசலத்தில் மார்கழிப் பனி என்றால், மணிமுத்தாற்றங்கரைப் புல்லின் நுனியில் நிற்கும் நீர்த்துளிதான். உதகமண்டலத்திலோ டிசம்பர், ஜனவரி மாதங்களில் நிலத்தின்மேல் வெண்ணிற உறைபனி படிந்துவிடுகிறது. தலைக்குந்தா, காந்தல் போன்ற இடங்களில் வெப்பநிலை 0 டிகிரி சென்டிகிரேடுக்குக் கீழே இறங்குவதும் உண்டு. சமவெளியிலிருந்து பழைய காரில் மலையேறிச் சென்ற குடும்பத்தார், மறுநாள் விடியற்காலையில் அந்தக் கார் கிளம்ப மறுப்பது கண்டு திகைத்து நிற்பார்கள்.

உறைபனியையே காணாத ஊரில் இருப்பவனுக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று நேயர்கள் கேட்கலாம். எங்கள் ஊருக்குத் திருமுதுகுன்றம் என்று பழம்பெயர் உண்டு. முதுமையைப் பற்றியும் குன்றத்தைப் பற்றியும் பேச இந்த ஊரானுக்குச் சிறிது உரிமை உண்டு என்று கொள்ளுங்கள்.

பழைய கார் என்று நான் சொல்வது, கார்புரேட்டரும் சோக்கும் கொண்ட பெட்ரோல் வண்டிகளை. சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பம்பாயில் உருவான பிரீமியர் பத்மினி, 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடர் ஆகியவற்றுள் இத்தகைய வண்டிகள் பல இன்றும் அன்போடு பேணப்பட்டு ஓடுகின்றன. இன்றைய வண்டியில் எஞ்சினின் குளிரை அறிந்து பெட்ரோலை அளந்து தருவது மின்னணுக் கருவியின் வேலை. பழைய வண்டியிலோ அது ஓட்டுபவரின் வேலை. சோக்கு என்ற குமிழையே கண்டிராத இளைஞர்கள் தாத்தாவின் காரை ஓட்டும் காலம் இது. ஆதலின் அதன் இயல்பை எடுத்துரைப்பது பயனுடையது.

எஞ்சின் உயிர் பெற மூன்று வேண்டும்: போதிய வேகத்தில் சுழற்சி, எரியத் தக்க பெட்ரோல் ஆவிக் கலவை, வலிய தீப்பொறி. குளிர் இம்மூன்றையும் ஒருங்கே தாக்குகிறது.

முதலில் சுழற்சி. எண்ணெய் குளிரில் தேன்போலக் கெட்டியாகிறது. எஞ்சினைச் சுழற்ற மிகுந்த வலிமை வேண்டியிருக்கிறது. அதே வேளையில், பாட்டரிக்குள் நிகழும் இரசாயன வினை மந்தமாகிறது. நீர் உறையும் வெப்பநிலையில் பாட்டரி தன் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கும். வேலை கூடும்போது கூலியாளின் வலிமை குறைவது போன்றது இது.

அடுத்துக் கலவை. பெட்ரோல் திரவமாக எரிவதில்லை, ஆவியாகியே எரிகிறது. குளிரில் அதன் சிறு பகுதியே ஆவியாகும். எனவே சோக்கை இழுத்துக் காற்றைக் குறைத்து, பெட்ரோலை மிகுதியாக்குகிறோம். ஆனால் மலையிலே ஒரு நுட்பம் உண்டு. உதகமண்டலம் ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையைவிட ஏறக்குறைய கால்பங்கு குறைவு. சமவெளிக்கென்று சரிசெய்யப்பட்ட கார்புரேட்டர், அந்த மெல்லிய காற்றில் தானாகவே சிறிது மிகையாகப் பெட்ரோலைத் தரும். ஆகவே குளிருக்காகச் சோக்கு வேண்டும். உயரத்துக்காக அதில் அடக்கமும் வேண்டும். சோக்கை முழுதும் இழுத்து வைத்துக்கொண்டு, ஆக்ஸிலரேட்டரையும் பலமுறை மிதிப்பவர், பிளக்குகளைப் பெட்ரோலில் நனைத்துவிடுகிறார்.

மூன்றாவது தீப்பொறி. இங்கேதான் எங்கள் ஊர்ச் சூளைகளுக்கும் உங்கள் காருக்கும் உறவு வருகிறது. ஸ்பார்க் பிளக்கின் நடுவே வெண்மையாகத் தெரிவது பீங்கான் இனத்தைச் சேர்ந்த காப்புப் பொருள். முன்னாளில் அது பீங்கானாகவே இருந்தது. இந்நாளில் அலுமினா மிகுந்த கலவையால் செய்கிறார்கள். பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தம் வெளியே கசியாமல், நுனியில் மட்டும் பொறியாகப் பாயும்படி காப்பது அதுவே. அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும், மேற்புறத்தில் அழுக்கும் பனி ஈரமும் படிந்திருந்தாலும், மின்சாரம் குறுக்கு வழியில் ஓடிவிடும். டிஸ்டிரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் புகுந்தாலும் இதே விளைவுதான்.

இனிச் செய்ய வேண்டியதைக் காண்போம். வேலை முதல்நாள் மாலையிலேயே தொடங்குகிறது. பாட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெண்பச்சைத் துகளைத் துடைத்து, இணைப்புகளை இறுக்குங்கள். குளிர்ந்த காற்று கனமானது. அது நீர்போலப் பள்ளத்தில் தேங்கும். ஆகவே காரைப் பள்ளத்தில் விடாமல் மேட்டுச் சரிவில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் அணை வையுங்கள். எஞ்சின் ஆறியபின் அதன் மூடியின்மேல் கனத்த சாக்கைப் போர்த்துங்கள். காலையில் அதை எடுத்த பின்னரே எஞ்சினைக் கிளப்ப வேண்டும்.

காலையில் விளக்கு முதலிய மின்செலவுகளை நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும்; கிளட்சையும் மிதியுங்கள். அவ்வாறு மிதித்தால், கியர்ப் பெட்டியின் கெட்டியான எண்ணெயைக் கலக்கும் சுமை ஸ்டார்ட்டருக்கு இல்லாமற் போகும். சோக்கை அளவாக இழுத்து, ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேற்படாமல் இயக்குங்கள். கிளம்பவில்லையெனில் அரை நிமிடமாவது பொறுங்கள். அந்த ஓய்வில் பாட்டரி சற்றே தெளிவு பெறும், ஸ்டார்ட்டரும் ஆறும். பெட்ரோல் நாற்றம் மிகுந்தால் சோக்கை உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே அழுத்தாக மிதித்துப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரை இயக்குங்கள். புகும் காற்று மிகை பெட்ரோலை வெளியேற்றிவிடும். அதற்கும் இணங்காவிடின், பிளக்குகளைக் கழற்றி உலர்த்தித் துடைத்து மாட்டுவதே வழி.

சில வண்டிகளில் கைப்பிடியால் சுழற்றும் வசதி உண்டு. 1912-ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் கெட்டரிங் அமைத்த மின் ஸ்டார்ட்டர் வருமுன் உலகெங்கும் அதுவே வழக்கம்; எஞ்சின் பின்னுதைத்து மணிக்கட்டு ஒடிந்தோரும் பலர். கைப்பிடியைப் பற்றும்போது கட்டைவிரல் மற்ற விரல்களின் பக்கமே இருக்க வேண்டும். கீழிருந்து மேல்நோக்கி இழுக்க வேண்டுமேயன்றிக் கீழ்நோக்கி அழுத்தலாகாது.

இவை அனைத்தினும் முக்கியமான எச்சரிக்கை ஒன்று உண்டு. குளிருக்கு அஞ்சிக் கொட்டகைக் கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓடவிடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கரி அடுப்பை மூடிய அறையில் வைத்து உறங்கியோர் உயிரிழந்த செய்தி மலையூர்களிலிருந்து குளிர்காலத்தில் வருவதுண்டு. அங்கும் கொல்வது இதே வாயுதான். எஞ்சினைச் சூடேற்றக் காருக்கு அடியில் நெருப்புச் சட்டி வைப்பதும் பெட்ரோலோடு விளையாடுவதேயாகும்.

காஷ்மீர், லடாக் போன்ற கடுங்குளிர் நாடுகளுக்குச் செல்வோர் ரேடியேட்டரில் வெறும் நீரை வைத்திருக்கலாகாது. உறையும் நீர் ஏறத்தாழ 9 விழுக்காடு பருத்து, இரும்பையும் பிளந்துவிடும். கிளைகால் சேர்ந்த உறைதடுப்புக் கலவையே அங்கே துணை.

குளிர்ந்த எஞ்சின் கிளம்பாமைக்குப் பெரும்பாலும் வண்டியின் முதுமை காரணமன்று. ஓட்டுபவர் பொறுமையிழந்து முதல் ஐந்து நிமிடத்திலேயே பாட்டரியின் வலிமையைத் தீர்த்துவிடுகிறார். மலையூரில் நள்ளிரவில் பிள்ளைக்கு மூச்சுத்திணறலோ, வீட்டில் ஒருத்திக்குப் பிரசவ வேதனையோ கண்டால், பக்கத்தில் வேறு வண்டி இராது. அந்தப் பழைய காரே கதி. அந்நேரத்தில் பாட்டரியில் மிச்சமிருக்கும் மின்சாரம் மனித உயிருக்கு ஈடானது. ஆகவே அந்த முறைகளை அவசரமில்லாத ஒரு காலையில் பழகிக்கொள்ளுங்கள். வீட்டிலுள்ள இளைஞருக்கும் கற்றுக்கொடுங்கள்.