அத்தி பூத்த கதை

நெடுநாள் வாராத உறவினர் ஒருவர் வாயிலில் வந்து நின்றால், "என்ன, அத்தி பூத்தாற்போல வந்திருக்கிறீர்களே!" என்று வரவேற்பது நம் வழக்கம். அரிதினும் அரிதான நிகழ்ச்சியைச் சுட்ட இதனினும் பொருத்தமான தொடர் வேறில்லை. அத்தி பூத்ததைக் கண்டவர் யார்? காயைக் காண்கிறோம், கனியைக் காண்கிறோம், பூவை மட்டும் காண்பதில்லை. பூவாது காய்க்கும் மரத்திற்குக் 'கோளி' என்று ஒரு தனிப்பெயரே இட்டு வைத்தனர் நம் முன்னோர். ஆல், அரசு, அத்தி ஆகியவை எல்லாம் அவ்வகையில் அடங்கும்.

அத்தியைப் பற்றி இன்னொரு பழமொழியும் உண்டு: 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு.' மேலே அழகு, உள்ளே அழுக்கு என்பது அதன் கருத்து. இவ்விரு பழமொழிகளையும் இன்று உங்கள் முன் வைத்து, அவை எவ்வளவு தூரம் உண்மை என்று ஆராய விரும்புகிறேன்.

எங்கள் ஊர் வாய்க்காற் கரையில் ஓர் அத்தி மரம் நின்றது. கிளைகளில் மட்டுமன்றி அடிமரத்திலும் கொத்துக் கொத்தாகக் காய்க்கும். நான் சிறுவனாக இருந்தபோது ஒருநாள் என் பாட்டி பழுத்த கனிகளாகப் பார்த்துப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு வந்தார். ஆசையோடு ஒன்றைப் பிட்டேன். உள்ளே சிறு பூச்சிகள் நெளிந்தன. அருவருப்படைந்து, அத்தனையையும் கொல்லையில் வீசிவிட்டேன். பாட்டி கோபித்துக் கொள்ளவில்லை. "ஏனடா எறிந்தாய்? அது அவற்றின் வீடு அல்லவா? நாம்தாம் இடையில் வந்தவர்கள்" என்றார். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியின் பேச்சு என்று அன்று நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

பல ஆண்டுகள் கழிந்தன. கல்லூரியில் தாவரவியல் பயின்றபோது, இளம் அத்திக்காய் ஒன்றைக் கத்தியால் இரண்டாகப் பிளந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துப் பார்த்தேன். என் கண்களை என்னாலேயே நம்ப முடியவில்லை. காயின் உட்சுவர் முழுவதும் பூக்கள்! நூற்றுக்கணக்கான நுண்ணிய பூக்கள், நடுவிலுள்ள வெற்றிடத்தை நோக்கி நெருங்கி நின்றன. அன்றுதான் அறிந்தேன்: அத்தி ஒவ்வொரு முறையும் பூக்கத்தான் செய்கிறது. பூத்த பின்னரே காய்க்கிறது. நாம் காய் என்று எண்ணுவது, உண்மையில் ஒரு பூங்கொத்தின் வெளிச்சுவர்.

இதனை எளிதில் விளங்கிக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். சூரியகாந்தியின் அகன்ற தட்டை மனத்தில் எண்ணுங்கள். அதில் நிறைந்திருப்பவை எல்லாம் சிறு சிறு பூக்கள். அத்தட்டின் விளிம்பை நாற்புறமும் மேலே மடக்கி, பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையைப் போல வாயைச் சுருக்கிவிட்டால், பூக்கள் எல்லாம் உள்ளே அடங்கிவிடுமல்லவா? அத்திக்காயின் அமைப்பு அதுவே. நுனியில் உள்ள சிறு துளைதான் பையின் வாய். அத்துளையையும் செதில்கள் நெருக்கமாக மூடியிருக்கின்றன.

இனி ஒரு கேள்வி எழுகிறது. பூ வெளியில் இருந்தால் வண்டு வரும், தேனீ வரும், காற்று வீசும். மகரந்தம் ஒரு பூவிலிருந்து மற்றொரு பூவுக்குச் சேரும். அறைக்குள் பூட்டி வைத்த பூக்களுக்கு மகரந்தத்தை யார் கொண்டுவந்து தருவார்?

அதற்கென்றே ஓர் உயிர் இருக்கிறது. அத்திக் குளவி என்பது அதன் பெயர். குளவி என்றதும் கொட்டும் குளவியை எண்ணி அஞ்ச வேண்டா. இரண்டு மில்லிமீட்டர் அளவே உள்ள சின்னஞ்சிறு பூச்சி அது. மனிதரைக் கொட்டுவதில்லை. காய்க்குள் இருக்கும் பெண் பூக்கள் பருவமடைந்ததும் காயிலிருந்து ஒரு தனி மணம் எழுகிறது. அம்மணத்தைப் பற்றிக்கொண்டு பெண் குளவி பறந்து வருகிறது. உலகில் அத்திக் குடும்பத்து மரங்களும் கொடிகளும் ஏறத்தாழ 750 இனங்களுக்கு மேல் உள்ளன. பெரும்பாலும் ஒவ்வோர் இனத்திற்கும் உரிய குளவி வேறு. ஆலின் குளவி அத்திக்கு உதவாது. அத்தியின் குளவி அரசுக்கு உதவாது.

துளையோ மிகக் குறுகியது. செதில்களுக்கிடையே குளவி தன் உடலை நெருக்கிக்கொண்டு நுழைகிறது. நுழையும்போதே அதன் சிறகுகள் முறிகின்றன, உணர்கொம்புகளும் ஒடிகின்றன. உள்ளே சென்றபின் திரும்பி வருதல் என்பது அதற்கு இல்லை. இருளில் பூவுக்குப் பூ நடந்து, தான் சுமந்து வந்த மகரந்தத்தைச் சேர்க்கிறது. சில பூக்களின் சூலகத்தில் முட்டையும் இடுகிறது. பிறகு அங்கேயே இறந்துவிடுகிறது. முட்டை பெற்ற பூக்கள் குளவிக் குஞ்சுகளின் தொட்டில்களாகின்றன, மற்றவை விதையாகின்றன. இடம் தந்த மரத்திற்குக் குளவி கொடுக்கும் குடிக்கூலி அந்த விதைகள்.

சில வாரங்கள் கழித்து அக்காய்க்குள் புதிய தலைமுறை எழுகிறது. முதலில் வெளிப்படுபவை ஆண் குளவிகள். அவற்றுக்குச் சிறகில்லை, பார்வையும் இல்லை என்றே சொல்லலாம். இன்னும் தொட்டிலுக்குள் உறங்கும் பெண்களோடு அவை கூடுகின்றன. பின்னர்க் காயின் சுவரைக் கடித்துக் குடைந்து, வெளிக்கு ஒரு வழி அமைக்கின்றன. அவ்வழியால் சென்று வாழ்பவை அவை அல்ல. வழியை அமைத்ததும் அவற்றின் வாழ்வு முடிகிறது. அதே வேளையில் காய்க்குள் ஆண் பூக்கள் முதிர்ந்து மகரந்தத்தோடு நிற்கின்றன. பெண் குளவிகள் வெளிவந்து அதனை எடுத்துக்கொள்கின்றன. சில இனங்களில் குளவியின் மார்பில் மகரந்தத்திற்கென்றே இரு சிறு பைகள் உண்டு. முன்கால்களால் மகரந்தத்தை வாரி அவற்றில் நிரப்பிக்கொண்டு, ஆண்கள் அமைத்த வழியே வெளியேறிப் பறக்கின்றன. அதன் பிறகே காய் சிவக்கிறது, கனிகிறது, இனிக்கிறது.

இவ்வுறவு நேற்று ஏற்பட்டதன்று. இங்கிலாந்தின் வைட் தீவில் கிடைத்த பூச்சிப் புதைபடிவம் ஒன்றை எறும்பு என்று வகைப்படுத்தி வைத்திருந்தனர். 2010ஆம் ஆண்டு அது மறுபடி ஆராயப்பட்டது. எறும்பன்று, அத்திக் குளவி என்று தெரிந்தது. அதன் வயது ஏறத்தாழ 3 கோடியே 40 இலட்சம் ஆண்டுகள். மார்பில் மகரந்தப் பையும் இருந்தது!

பூச்சியில்லாத அத்தி என்னாகும் என்பதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு. துருக்கி நாட்டு ஸ்மிர்னா அத்தி உலகப் புகழ் பெற்றது. 1880களில் அதன் போத்துக்களைக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுவந்து நட்டனர். மரங்கள் செழித்தன, காய்கள் மட்டும் பழுக்காமல் உதிர்ந்தன. துருக்கி உழவர்கள் காட்டத்திக் காய்களைக் கோத்துத் தோட்டத்து மரங்களில் தொங்கவிடுவது தொன்றுதொட்ட வழக்கம். கிரேக்க அறிஞர் தியோபிராஸ்டஸ் காலத்திலேயே அது அறியப்பட்டிருந்தது. எனினும் கலிபோர்னியாவில் பலர் அதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினர். 1890இல் ஜார்ஜ் ரோடிங் என்பவர் மகரந்தத்தைத் தம் கையாலேயே காய்க்குள் செலுத்திப் பார்த்தார். அக்காய்கள் பழுத்தன! 1899இல் அல்ஜீரியாவிலிருந்து காட்டத்தியோடு குளவியும் வந்து குடியேறிய பிறகே தோட்டங்கள் பயன் தரலாயின. படித்தவர்கள் நகைத்த வழக்கத்தில் பாமர உழவரின் கூர்மையான நோக்கு அடங்கியிருந்தது. இதனைப் படித்தபோது, கொல்லையில் நான் எறிந்த பழங்களும் பாட்டியின் சொல்லும் என் நினைவுக்கு வந்தன.

நண்பர்களே, இந்த விந்தையில் ஓர் அச்சமும் கலந்திருக்கிறது. வெளிவந்த பெண் குளவியின் வாழ்நாள் ஓரிரு நாட்களே. அதற்குள் பருவமடைந்த வேறொரு காயை அது கண்டுபிடித்தாக வேண்டும். நமீபியா நாட்டு ஆற்றங்கரை ஒன்றில் இக்குளவிகள் காற்றில் மிதந்து 160 கிலோமீட்டர் வரை மகரந்தத்தைக் கொண்டு செல்வதை ஆராய்ச்சியாளர் 2009இல் எடுத்துக்காட்டினர். இருப்பினும் போய்ச் சேரும் இடத்தில் காய் இல்லையேல் என் செய்யும்? போர்னியோவின் லம்பீர் மலைக் காட்டில் 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கடும் வறட்சி ஏற்பட்டது. அத்தி மரங்கள் சிறிது காலம் காய்ப்பதை நிறுத்தின. பல இனங்களின் குளவிகள் அவ்வட்டாரத்தில் அடியோடு அற்றுப்போயின. மழை வந்தது, மரங்கள் மீண்டும் காய்த்தன. ஆனால் அவற்றுள் பூத்த பூக்களுக்கு மகரந்தம் கொண்டுவர எவரும் இல்லை.

குளவி போனால் அத்தியோடு போவதில்லை. மற்ற மரங்கள் கனி தராத காலத்திலும் அத்தி இனத்து மரம் ஏதேனும் ஒன்று காட்டில் கனிந்து நிற்கும். இருவாச்சியும் பச்சைப் புறாவும் பழந்தின்னி வௌவாலும் குரங்கும் அதனை நம்பி வாழ்கின்றன. உலகெங்கும் 1200க்கு மேற்பட்ட பறவை, விலங்கினங்கள் அத்தி இனத்துக் கனிகளை உண்பதாகக் கணக்கிட்டிருக்கின்றனர். சாலையை அகலப்படுத்தவும் கரையைச் சீராக்கவும் ஓர் அத்தியையோ ஆலையோ வெட்டும்போது, ஒரு மரம்தானே என்று எண்ணுகிறோம். பறந்து வரும் குளவிக்கோ அது ஓரிரு நாள் வழிப்பயணத்தில் தங்க இருந்த ஒரே வீடாக இருக்கலாம்.

இப்பொழுது நம் பழமொழிகளுக்கு வருவோம். அத்தி பூப்பது அரிதன்று. நாம் பார்ப்பதுதான் அரிது. பிட்டுப் பார்த்தால் காண்பவற்றுள் பின்னால் வந்து புகுந்த வேறு புழுக்களும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் அந்தப் பழம் பழமானதே ஒரு பூச்சியால்தான்.

உங்கள் ஊரிலும் அத்தியோ அரசோ ஆலோ இருக்கும். இளங்காய் ஒன்றைப் பறித்துக் குறுக்கே பிளந்து, ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டா. பூக்கள் அங்கே இருக்கின்றனவா என்று நீங்களே கண்டு சொல்லுங்கள். பார்த்து முடித்ததும், மற்றக் காய்களை மரத்திலேயே விட்டுவிடுங்கள். உள்ளே குடியிருப்பவை வெளிவர இன்னும் நாள் இருக்கிறது.