செடிக்கும் செவி உண்டு



எங்கள் தோட்டப் பள்ளியில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பால் டின்களில் ஈரப் பஞ்சைப் பரப்பிப் பச்சைப்பயறு போட்டார்கள். ஒன்றைச் சன்னலோரம் வைத்தார்கள். மற்றொன்றை அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நாள் கழித்துப் பார்த்தோம். வெளிச்சத்தில் இருந்த நாற்றுகள் குட்டையாக, பச்சை இலை விரித்து நின்றன. இருட்டில் இருந்தவையோ நெடுநெடுவென்று வளர்ந்திருந்தன. ஆனால் வெளிறிப்போய், இலை விரியாமல், தலை கவிழ்ந்திருந்தன. சந்தையில் நாம் வாங்கும் தவ்கேயும் இப்படி இருட்டில் முளைக்க வைத்ததுதான்.

"அப்படியானால் இருட்டில்தான் செடி நன்றாக வளருமா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நல்ல கேள்வி. மண்ணுக்குள் கிடக்கும் விதையிடம் கொஞ்சம் உணவே சேமிப்பாக இருக்கிறது. அது தீர்வதற்குள் வெளிச்சத்தை எட்டியாக வேண்டும். ஆகவே இலை விரிப்பதை ஒத்திவைத்துவிட்டுத் தண்டை நீட்டுகிறது. வெளிச்சம் பட்டதும் நீள்வதைக் குறைத்து இலையை விரிக்கிறது. நாற்று மேடையில் வேலை செய்யும் தாய்மார்களுக்கு இது புதிதல்ல. செம்பனைக் கன்றுப் பைகளை நெருக்கி வைத்தால் கன்றுகள் ஒல்லியாக நீண்டுவிடும் என்பதை அவர்கள் கண்டிருப்பார்கள்.

சரி, நீளு என்றும் நிறுத்து என்றும் செடிக்குள் கட்டளையிடுவது யார்? ஹார்மோன் எனப்படும் இயக்குநீர்களே. அவை பல வகைப்படும். அவற்றுள் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பார்ப்போம். அதன் பெயர் பிராசினோஸ்டீராய்டு. ஆண் பிள்ளைக்கு மீசை முளைக்கச் செய்யும் இயக்குநீரும் ஸ்டீராய்டு இனத்தைச் சேர்ந்ததுதான். அந்த இனத்துப் பொருள் செடியிலும் உண்டு என்பது வியப்பல்லவா?

1970ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள், கடுகு இனத்துச் செடியொன்றின் மகரந்தத்திலிருந்து எடுத்த சாற்றை அவரைவகை நாற்றில் தடவினார்கள். தண்டு வேகமாக நீண்டது. சாற்றில் இருப்பது என்ன என்று தெரிந்துகொள்ள மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின. தேனீக்கள் சேர்த்த மகரந்தம் 227 கிலோவிலிருந்து அவர்கள் பிரித்தெடுத்தது வெறும் 4 மில்லிகிராம். ஓர் அரிசி மணியின் எடைகூட இல்லை! அதற்குப் பிராசினோலைடு என்று பெயரிட்டு, 1979இல் அதன் அமைப்பை வெளியிட்டார்கள்.

செடிக்கு இது உண்மையிலேயே தேவையா என்ற ஐயம் 1996இல் தீர்ந்தது. ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியில் சில குட்டைச் செடிகள் இருந்தன. அவற்றை இருட்டில் வைத்தாலும் நீளவில்லை. வெளிச்சத்தில் இருப்பதுபோல் இலையை விரித்தன. வெளியிலிருந்து பிராசினோலைடு கொடுத்ததும் மற்றச் செடிகளைப் போல வளர்ந்தன. அவற்றால் இந்த இயக்குநீரைத் தாமே உண்டாக்க முடியவில்லை. குறை அவ்வளவுதான்.

ஆனால் வேறொரு வகைக் குட்டைச் செடியும் இருந்தது. அதற்கு எவ்வளவு கொடுத்தாலும் பயனில்லை. அந்தச் செடியில் இயக்குநீருக்குக் குறைவில்லை. அதை உணரும் உறுப்புத்தான் பழுதாகியிருந்தது. 1997இல் ஜியான்மிங் லீ, ஜோன் சோரி என்னும் இரு விஞ்ஞானிகள் அந்த உறுப்புக்குரிய மரபணுவைக் கண்டறிந்தார்கள். அது பி.ஆர்.ஐ.1 எனப்படுகிறது. அதைச் செடியின் செவி எனலாம்.

நம் உடலில் ஸ்டீராய்டு பெரும்பாலும் உயிரணுவுக்குள் நுழைந்த பிறகே தன் செய்தியைச் சொல்கிறது. செடியில் அப்படியில்லை. செவி உயிரணுவின் வெளிச் சவ்விலேயே இருக்கிறது. இயக்குநீர் அதன் குழியில் வந்து பொருந்தியதும், பக்கத்தில் உள்ள துணைப் புரதம் ஒன்று கைகோக்கிறது. இனி உள்ளே நடப்பதைக் கேளுங்கள். செய்தி வராத நேரத்தில், காவலன்போல் ஒரு புரதம், வளர்ச்சி வேலையைத் தொடங்கிவைக்கும் புரதங்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறது. செய்தி வந்ததும் காவலன் அடங்குகிறான். தடுக்கப்பட்டவை உட்கருவுக்குள் சென்று மரபணுக்களை இயக்குகின்றன. உயிரணுவின் சுவர் நெகிழ்கிறது, நீரை உறிஞ்சி உயிரணு நீள்கிறது, தண்டும் நீள்கிறது.

இந்தச் செவி சற்று மந்தமாக இருப்பதும் சில வேளை நன்மையே. ஜப்பானில் 'உசு' என்ற குட்டைப் பார்லிப் பயிர் உண்டு. காற்று மழைக்கு எளிதில் சாயாது. அதன் செவியில் ஒரு சிறு மாற்றம் இருப்பதை 2003இல் அந்நாட்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

நேயர்களே, இதைப் படித்தபோது என் வகுப்பில் இருந்த ஒரு பையன் நினைவுக்கு வந்தான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பான். கேட்டால் பதில் வராது. மந்தம் என்று நினைத்துவிட்டேன். பாடத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்; அதட்டியும் சொன்னேன். ஒரு நாள் அவன் தாயார் வந்தபோது, "வீட்டுலயும் இப்படித்தாங்க டீச்சர், முதுகுக்குப் பின்னால நின்னு கூப்பிட்டா திரும்ப மாட்டான்" என்றார். கிளினிக்கில் காட்டினோம். இரு காதிலும் நாள்பட்ட சீழ். சரியாகக் கேட்காமலேயே அந்தப் பிள்ளை ஓராண்டுக்கு மேல் என்முன் உட்கார்ந்திருக்கிறான். சிகிச்சை நடந்தது, முன் வரிசைக்கு மாற்றினேன். அடுத்த தவணையில் வாய்விட்டு வாசித்தான். நான் அதட்டிய நாட்களை எண்ணி இன்றும் வெட்கப்படுகிறேன்.

செடி வளராவிட்டால் உரம் போதவில்லை என்கிறோம். பிள்ளை படிக்காவிட்டால் புத்தி போதவில்லை என்கிறோம். கொடுப்பது போய்ச் சேர்கிறதா என்று பார்க்க மறந்துவிடுகிறோம்.

இன்றிரவு ஒன்று செய்யுங்கள். பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். இரண்டு மூன்று நாள் பாருங்கள். திரும்பாவிட்டால் திட்டாதீர்கள். காதில் எண்ணெய் விடாதீர்கள். கிளினிக்குக்கு அழைத்துச் செல்லுங்கள், ஆசிரியரிடமும் சொல்லுங்கள்.