இரண்டரைக் கிட்டித் தூரம்

(வானொலி இலக்கியத் தொடரில் வாசிக்கப்பட்ட உரை)



இன்று நான் எடுத்துக்கொண்ட விடயம் இலக்கியத்துக்கு வெகு தூரத்தில் இருப்பதுபோலத் தோன்றும். கோல்ப் மட்டைகளில் பூட்டும் உணரிகளைப் பற்றியும், அவற்றோடு கைத்தொலைபேசியில் இயங்கும் செயலியைப் பற்றியும் சொல்லப் போகிறேன்.

யாழ்ப்பாணத்தானுக்குக் கோல்ப்பைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். றோயல் கொழும்பு கோல்ப் கழகம் 1879ஆம் ஆண்டிலேயே தோன்றிவிட்டது. களனிவெளி ரயில் அந்த மைதானத்தின் ஊடாகவே ஓடுகிறது. கொழும்பில் உத்தியோகம் பார்த்த நாட்களில் ரயில் யன்னலால் கண்ட பச்சைப் புல்வெளிதான் எனக்கும் அந்த விளையாட்டுக்கும் இருந்த ஒரே உறவு.

எனக்கும் என் தம்பிக்கும் தெரிந்தது கிட்டிப்புள்ளு. வடமராட்சியிலே, 1960களில், வேலியில் நின்ற பூவரசங் கதியாலை அம்மாவுக்குத் தெரியாமல் வெட்டி, நீட்டுத் தடியைக் கிட்டியாகவும் குட்டித் தடியைப் புள்ளாகவும் சீவி வைத்துக்கொள்வோம். புள்ளு விழுந்த இடம் குழியிலிருந்து எத்தனை கிட்டி என்று அடித்தவன் சொல்லவேண்டும். எதிராளி நம்பினால் சரி. நம்பாவிட்டால் கிட்டியை நிலத்தில் வைத்து வைத்து அளக்கவேண்டும். அடித்த தடியே அளக்கும் கோல். தோற்றவன் மூச்சு விடாமல் பாடிக்கொண்டு ஓடவேண்டும். பாட்டு அறுந்தால் மூச்சு விட்டான் என்று அர்த்தம். அதற்குக் கருவி ஒன்றும் வேண்டியதில்லை. கூட ஓடுகிறவர்களின் காது போதும்.

தம்பி 1985இல் கனடாவுக்குப் போனான். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகத் தொழிற்சாலையில் இரவு வேலை. மகனுடைய பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி ஒன்றுக்குக்கூடப் போய் நிற்க முடியவில்லை என்பது அவனுடைய மாறாத துக்கம். இளைப்பாறிய பிறகு, தினமும் நடக்கவேண்டும் என்று வைத்தியர் சொன்னதன் பேரில், கோல்ப் விளையாடத் தொடங்கினான். மகன் இப்போது வான்கூவரில் வேலை பார்க்கிறான். தகப்பனின் பிறந்தநாளுக்கு அவன் அனுப்பிய பரிசுதான் இந்த உணரிகள்.

2023ஆம் ஆண்டுக் கோடையில் நான் ரொறன்ரோ போயிருந்தபோது அவற்றைக் கண்ணால் கண்டேன். ஒவ்வொரு மட்டையின் பிடி நுனியிலும் ஒரு சிறு மூடியைத் திருகிப் பூட்டுகிறார்கள். மட்டை வீசப்படுவதை அது உணரும். பந்து அடிபடும் சத்தத்தைத் தொலைபேசி கேட்கும். அடித்த இடத்தைச் செய்மதிகளின் உதவியோடு குறித்துக்கொள்ளும். இந்த அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையிலுள்ள தூரமே பந்து போன தூரம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது!

நடந்தது வேறு. காலையில் புறப்படுமுன் தொலைபேசியும் மூடிகளும் ஒன்றையொன்று அறிந்துகொள்ள அரை மணித்தியாலம் வேண்டும். கடவுச்சொல்லை மறுபடி கேட்கும். பற்றறி இறங்கிவிடும். பந்தைத் தொடாமல் ஒத்திகைக்கு வீசினாலும் சில வேளை ஓர் அடி என்று பதிந்துவிடும். உண்மையான அடியைத் தவறவிடும். ஓர் அடி தவறினால் அதற்கு முந்திய அடியின் தூரமும் பிழைத்துப்போகும். விளையாடி முடிந்த பிறகு தம்பி குசினி மேசையில் குந்தியிருந்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தில் உள்ள புள்ளிகளை விரலால் இழுத்து இழுத்துத் திருத்துவான்.

"அண்ணை, விளையாடுற நேரத்திலும் பாக்க இதைத் திருத்துற நேரம் கூட" என்பான்.

"அப்ப கழட்டி எறியன்."

"பிள்ளை தந்தது. அவனும் அங்கையிருந்து பாக்கிறவன்."

அதற்குமேல் நான் என்ன சொல்ல? அந்தப் புள்ளிகள் சரியாக விழவேண்டும் என்பதற்காக அவன் பட்ட பாடு விளையாட்டுக்காக அல்ல என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

பிழையெல்லாம் தம்பியுடையது அல்ல. செய்மதிகள் நிற்பது ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில். திறந்த வானத்தின் கீழ் நல்ல தொலைபேசி ஒன்று தன் இடத்தைச் சொல்வது ஏறக்குறைய 4.9 மீற்றர் வட்டத்துக்குள். 150 மீற்றர் அடிக்கு அது பெரிய குறையல்ல. ஆனால் கோல்ப் குழியின் அகலம் 108 மில்லிமீற்றர். குழிக்கு ஒரு மீற்றர் பக்கத்தில் நின்று மெல்லத் தட்டும் அடியை, ஐந்து மீற்றர் தடுமாறும் கருவி எப்படி அளக்கும்? ஆட்டத்தின் வெற்றி தோல்வியோ சில வேளை அந்தச் சிறு தட்டல்களிலும் இருக்கிறது.

ஒருநாள் விக்ரோறியா பார்க் சுரங்க ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள டென்ரோனியா பார்க் மைதானத்துக்கு என்னையும் கூட்டிப்போனான். நகரசபையின் மைதானம். 18 குழிகள். ஒவ்வொன்றையும் மூன்று அடியில் முடிப்பதே கணக்கு. ஏழாவது குழியில், முந்திய குழிக்குக் கூடுதலாக விழுந்த ஓர் அடியை அழித்துத் தரும்படி தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுப் போனான். நான் ஒரு மரத்தடியில் நின்று கண்ணாடித் திரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். 'டக்' என்றொரு சத்தம். நிமிர்ந்தேன்.

பந்து வானத்தில் நின்றது. பிறகு இறங்கி, புல்லில் ஒருதரம் துள்ளி, கொடியை நோக்கி உருண்டு, மிகக் கிட்டப் போய் நின்றது. தம்பி மட்டையை இறக்காமல் அப்படியே நின்றான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். "கண்டனியே அண்ணை?" என்றான்.

கண்டேன். ஒரு கணம் பிந்தியிருந்தால் நானும் காணாமல் விட்டிருப்பேன். தொலைபேசி என் கையில், அவனுக்கு முப்பது அடி தள்ளி இருந்தது. அந்த அடியை அது அறியவேயில்லை.

கொடிக்குப் போனதும் தம்பி பையில் இருந்த நீளமான மட்டையை எடுத்தான். பந்திலிருந்து குழிவரை நிலத்தில் வைத்து வைத்து அளந்தான்.

"இரண்டரைக் கிட்டி" என்றான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கோல்ப் சட்டத்திலும் மட்டையின் நீளம் ஓர் அளவுதான் என்று பிறகு சொன்னான். பந்தை இடம் மாற்றி வைக்க நேரும் சில வேளைகளில் ஒரு மட்டை, இரண்டு மட்டை என்றுதான் எல்லை குறிக்கிறார்களாம்.

முதல் தட்டல் குழியின் விளிம்பில் பட்டு விலகியது. இரண்டாவது விழுந்தது. ஆக மூன்று அடி. செயலி, தொலைபேசி அவன் பைக்குத் திரும்பிய பின் நடந்த இரண்டை மட்டும் எண்ணி, 'இரண்டு' என்று காட்டியது. அவ்வளவு நாளும் அவனுக்குப் பாதகமாகவே பிழைவிட்ட கருவி, அன்றைக்குத்தான் சாதகமாகப் பிழைவிட்டது. தம்பி காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அட்டையில் மூன்று என்று எழுதினான்.

1925ஆம் ஆண்டு அமெரிக்க ஓப்பன் போட்டியில் பொபி ஜோன்ஸ், பந்து அசைந்துவிட்டது என்று தானே சொல்லி ஓர் அடியைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். வேறு எவரும் அதைக் காணவில்லை. முடிவில் வில்லி மக்ஃபார்லேனோடு சமநிலைக்கு வந்து, மீளாட்டத்தில் தோற்றார். அந்த ஓர் அடி இல்லாவிட்டால் கிண்ணம் அவருடையது. வள்ளுவர் நடுவுநிலைமைக்கு உவமையாகத் துலாக்கோலை எடுத்தார். கோல் என்ற நம் சொல்லில் அடிக்கும் தடியும் இருக்கிறது, அளக்கும் தடியும் இருக்கிறது, நிறுக்கும் தராசும் இருக்கிறது. பிடிக்கிற கை நேராக இருந்தால்தான் மூன்றும் நேராக நிற்கும்.

அன்று பின்னேரம் மகன் தொலைபேசியில் வந்தான். "அப்பா, ஏழாவது குழி இரண்டிலை முடிச்சிட்டீங்கள்!" என்று ஆரவாரித்தான்.

"இல்லையடா, மூண்டு. முதல் அடி உதிலை விழேல்லை."

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "எப்பிடி அடிச்சனீங்கள்?" என்று கேட்டான். உணரிகள் வந்த நாளிலிருந்து அவன் எவ்வளவு தூரம் என்று கேட்டதுண்டு. எப்படி என்று கேட்டது அன்றுதான். தம்பிக்குச் சொல் வரவில்லை. தொலைபேசியை என்னிடம் நீட்டினான்.

"பெரியப்பா, நீங்கள் பாத்தனீங்களோ?"

பார்த்ததைச் சொன்னேன். பந்து எழும்பிய விதம், துள்ளிய இடம், தகப்பன் மட்டையை இறக்காமல் நின்ற நிலை எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டரைக் கிட்டி என்றதும், "கிட்டி எண்டால் என்ன?" என்றான். அதைச் சொல்லி முடிக்க இன்னும் கால்மணி நேரம் பிடித்தது.

அண்மையில் தம்பி பேசினான். மகன் விடுமுறையில் வந்து சேர்ந்து விளையாடுகிறானாம். உணரிகளைக் கழற்றவில்லையாம், பிழைவிடுவதையும் அவை நிறுத்தவில்லையாம். அடி விழுந்ததா இல்லையா என்று தகப்பனும் மகனும் மைதானத்தில் நின்றே சண்டை பிடிக்கிறார்களாம்.

எங்கள் குழியடியில் நானும் அவனும் பிடித்த அதே சண்டைதான்.